நாற்சார் வீட்டை இடிக்கவிடாமல் தடுக்க முடியுமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பருத்தித்துறை நகரில் அம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த நாற்சார் வீடு (நடுவே முற்றமும் நான்கு புறமும் அறைகளும் கொண்ட பழைய வீடு) ஒன்று இருக்கிறது; கட்டி 120 ஆண்டுகளாவது இருக்கும். பெற்றோர் இருவரும் மரணசாசனம் எழுதாமலே காலமாகிவிட்டனர். நாங்கள் மூன்று ஆண் பிள்ளைகள். இருபது வருடமாக அங்கே குடியிருக்கும் அண்ணன் வீடு தனக்கே உரியது என்று சொல்லி, அதை இடித்துக் கடைத்தொகுதி கட்ட ஆயத்தமாகிறார். தூண்களுக்கும் கதவுகளுக்கும் ஒரு வியாபாரி முற்பணமும் கொடுத்துவிட்டார். கனடாவில் இருக்கும் தம்பியும் நானும் வீட்டைத் திருத்திப் பாதுகாக்கவே விரும்புகிறோம். தொல்பொருளியல் திணைக்களத்தை நாடலாமா?

பதில்: நாடலாம், ஆனால் உங்களுடைய முதற் படி அதுவாக இருக்கக்கூடாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதன நினைவுச்சின்னம் என்று கொள்வது 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முற்பட்டவற்றையே. அதற்குப் பிற்பட்டதாயினும் 100 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தை, விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்யலாம். அப்படிச் செய்யும்வரை, வயதை மட்டும் காட்டி இடிப்பதைத் தடுக்க அச்சட்டம் உதவாது. பிரகடனம் ஒரு கிழமையில் வரும் காரியமுமல்ல. வியாபாரியின் லொறி அதற்கு முன்பே வந்துவிடும்.

உங்கள் கையிலுள்ள வலுவான ஆயுதம் கூட்டுரிமை. அம்மாவின் உறுதியும் நீங்கள் கூறும் விபரங்களும் சரியாயின், மூவருக்கும் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. பிரிக்கப்படாத ஆதனத்தின் இயல்பை மாற்றும் எதையும் ஏனைய பங்காளிகளின் சம்மதமின்றி ஒருவர் செய்ய முடியாது. பழைய வீட்டை இடிப்பதும், தலைவாசல் நிலையையும் முற்றத்துத் தூண்களையும் கழற்றி விற்பதும் அதில் அடங்கும். தூண் நிற்கும்வரை அது வீட்டின் பகுதி, எனவே மூவருக்கும் சொந்தம்.

இருபது வருடம் குடியிருந்ததால் உரிமை கிடைத்துவிட்டது என்ற வாதத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டாம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு எதிரிடை ஆட்சியை, அதாவது மற்றவரின் உரிமையை மறுத்து நடத்தும் ஆட்சியை, கேட்பது உண்மைதான். ஆனால் ஒரு பங்காளியின் ஆட்சி சட்டத்தின் கண்ணில் எல்லாப் பங்காளிகளுக்காகவும் நடப்பதே என்று அந்நாளில் இலங்கைக்கு உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் 1911 இல் கொரயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் தீர்த்தது. இன்றும் எங்கள் நீதிமன்றங்கள் அதையே பின்பற்றுகின்றன. உங்களை வெளியேற்றியதற்கு அல்லது உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து நெடுங்காலம் ஆண்டதற்கு அண்ணன் சான்று காட்ட வேண்டும். நீங்கள் கோயில் திருவிழாவுக்குப் போய் அந்த வீட்டில் தங்கிய படங்கள், ஓடு மாற்ற அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

காணி பருத்தித்துறையில் இருப்பதால் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. பருத்தித்துறை மாவட்ட நீதிமன்றமே உரிய இடம். உரிமைப் பிரகடனம் கோரி வழக்கிட்டு, அதனுடனேயே இடைக்காலத் தடைக்கட்டளையும் கேளுங்கள். தம்பி அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பி வழக்காளியாகச் சேரலாம். அதற்கு முன், இன்றைக்கே, அண்ணனுக்கும் வியாபாரிக்கும் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்புவதுடன், கட்டட விண்ணப்பம் வந்தால் ஆட்சேபிப்பதாக நகரசபைக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கை மட்டும் நீங்களாகத் தொடங்காதீர்கள் என்பது என் ஆலோசனை. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எந்தப் பங்காளியும் அதைக் கேட்கலாம். ஆனால் நான்கு புறமும் அறைகள் சூழ்ந்து நடுவே முற்றம் கொண்ட வீட்டை மூன்றாகக் கிழிக்க வழியில்லாததால் அது விற்பனையில் முடியக்கூடும். அண்ணன் தன் பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், ஆதனம் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்டதாயின், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் வாங்கும் உரிமை பங்காளிகளான உங்களுக்கே.

நினைவுச்சின்னப் பிரகடனத்துக்கு விண்ணப்பிப்பதைத் தடைக்கட்டளை கிடைத்த பின்பு மூவரும் பேசித் தீர்மானியுங்கள். பிரகடனத்தால் வீடு அரசுக்குப் போய்விடாது, உரிமை உங்கள் மூவரிடமே இருக்கும். வடக்கில் தொல்பொருளியல் திணைக்களத்தின் பெயரைக் கேட்டாலே எழும் அச்சத்துக்குக் காரணங்கள் இல்லாமலில்லை, ஆயினும் இந்த விடயத்தில் சட்டம் தெளிவானது. சுமை வேறிடத்தில் இருக்கிறது. பிரகடனத்தின் பின்னர் திருத்தமோ மாற்றமோ சேர்ப்போ எதுவாயினும் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். மீறினால், தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிணையில் விடுவதைத் தடுக்கும் பிரிவும் பாயும். மழைக்கு முன் கூரையைத் திருத்த நினைப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

இடையில் ஒழுக்கு, கறையான் போன்றவற்றுக்கு அவசியமான திருத்தங்களை மட்டும் செய்து, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். அச்செலவில் ஏனையோரின் பங்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சீமெந்து பூச மேசன் சொன்னால் மறுத்துவிடுங்கள், ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உதிரும்.