அது என்ன, ‘வெறும்’ வாட்ச்மேன்?

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐ.டி. கட்டடத்தை அந்தி நேரத்தில் படமெடுக்க, எதிர்ப்பக்க நடைபாதையில் ட்ரைபாட் வைத்தேன். வெறும் வாட்ச்மேன் ஒருவர் சாலையைத் தாண்டி வந்து தடுத்தார். வாதாடி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அவருக்கு யார் கொடுத்த அதிகாரம் இது?
– துரைப்பாக்கம் வாசகர்

பதில்: யாரும் கொடுக்கவில்லை. பொதுச் சாலையில் நின்று ஒரு கட்டடத்தின் வெளிப்புறத்தைப் படமெடுத்தால், கேமராவைப் பிடுங்கவோ படத்தை அழிக்க வைக்கவோ தனியார் காவலருக்கு உரிமை இல்லை. கட்டடத்தைப் படமெடுப்பதும் அதை வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவே சொல்கிறது. ராணுவ இடம் போன்றவை வேறு கணக்கு. கேட்டுக்கு உள்ளே போனால் உரிமையாளர் வைத்ததுதான் விதி. சட்டம் இவ்வளவுதான்.

ஆனால் அந்த ‘வெறும்’ என்ற சொல்லை நான் விடப்போவதில்லை. நீங்கள் ட்ரைபாட்டை விரித்த மாலை ஆறு மணிக்கு அந்த மனிதர் எப்போதிலிருந்து நிற்கிறார் தெரியுமா? பெரும்பாலும் காலை எட்டு மணியிலிருந்து. பன்னிரண்டு மணி நேர டியூட்டி. நூலில் கட்டிய பேனாவால் ஒவ்வொரு வண்டி நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். அவர் தலைக்கு மேலேயும் ஒரு கேமரா உண்டு. உள்ளே ஏ.சி. அறையில் திரையைப் பார்க்கிறவர் வாக்கி-டாக்கியில், “எதிர்ல எவனோ சர்வே எடுக்கறான், போய்ப் பாரு” என்கிறார். போகாவிட்டால் நாளைக்கு டியூட்டி இல்லை. படமெடுக்கக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு கேளுங்கள், அநேகமாக இருக்காது. உத்தரவு போட்டவர் உங்கள் எதிரில் வரவே மாட்டார். கோபப்பட வேண்டியது அவர்மேல்.

இந்தப் பக்கத்தில் நாற்காலியைப் பற்றிப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018இலேயே செய்தது. வரவேற்பறையில் இத்தாலியப் பளிங்கு பதிக்கிறவர்களுக்கு, வாசலில் நிற்கிறவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட மனம் வருவதில்லை. வெட்கக்கேடு.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். சென்னையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் 20, 25 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஜூன் மாத லண்டனில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். இங்கே அதிலும், வான நீலமும் உள்விளக்கும் சமமாக நிற்பது சில நிமிடங்கள்தான். அதை வாக்குவாதத்தில் செலவழிக்கலாமா? நான்கு மணிக்கே போய்க் கட்டட மேலாளரைக் கேளுங்கள். இதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டுங்கள். மேலாளர் பெயரைச் சொன்னால் காவலருக்கும் பயம் தீரும். அப்புறம் அவரிடமே விசாரியுங்கள்: லாபி விளக்கு எத்தனை மணிக்கு எரியும், எந்த மாடி முதலில் அணையும்? அவரைவிட அது தெரிந்தவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதி மாடிகள் இருட்டாக இருக்கும். நவம்பர், டிசம்பர் வாரநாட்கள் நல்லது. ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள்.

விளக்குக்கே உரிமை கொண்டாடும் ஊரும் உண்டு. பாரிசில் ஈஃபல் கோபுரத்தின் பகல் படத்தை எவரும் வெளியிடலாம். இரவுப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும், விளக்கமைப்பு தனிப் படைப்பாம். பொதுவெளியில் நிற்கும் ஒன்றுக்கு இப்படிப் பூட்டுப் போடுவது அநியாயம். நம் சட்டம் அந்த வகையில் மேல்.

கடைசியாக ஒன்று. ஏன் எல்லோரும் கண்ணாடிக் கட்டடத்தையே எடுக்கிறீர்கள்? சென்னை வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரை எழுப்பி, உள்ளே நுழைந்த சூட்டை மின்சாரம் கொட்டி வெளியே தள்ளுவதை நான் கட்டடக்கலை என்று ஏற்க மாட்டேன். கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே சண்டிகர் உயர் நீதிமன்றத்தில் 1950களிலேயே கட்டம் கட்டமாகக் கான்கிரீட் வெயில் தடுப்புகளை வைத்தார். சாய்ந்த வெளிச்சத்தில் அந்தக் கட்டங்களுக்குள் நிழல் ஆழமாக விழும். அங்கே அனுமதி கெடுபிடி அதிகம், சுற்றுலா மையத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்துவிட்டுப் போய் எடுத்து அனுப்புங்கள், முழுப் பக்கத்தில் போடுகிறேன்.