தாத்தா பெட்டியில் கிடைத்த நூறு கோடி மார்க்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ஜெர்மன் நோட்டு இருந்தது. ஆயிரம் மார்க் என்று அச்சாகி, அதன்மேல் சிவப்பு மையில் 'மில்லியார்டே' என்று குறுக்காக அடித்திருக்கிறது. தேதி 15 டிசம்பர் 1922. "இது பிழை நோட்டு, ஜெர்மன் வங்கியில் கோடிக்கணக்கில் தருவார்கள்" என்கிறார் ஓர் ஏஜென்ட். பதிவுக் கட்டணம் 18,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் நோட்டில் பிழை எதுவும் இல்லை. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதிக்குள் புகுந்தன. வேலைக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்டிய தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசே சம்பளம் கொடுத்தது. கஜானாவில் பணம் இல்லை, நோட்டு அடித்துக் கொடுத்தார்கள். ஜூலையிலிருந்து நவம்பர் வரை நடந்ததுதான் கொடுமை. ஜூலையில் ஒரு டாலருக்குச் சில லட்சம் மார்க், நவம்பர் 20-ல் 4.2 லட்சம் கோடி மார்க். அரசு அச்சகம் போதாமல் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்கள் நோட்டு அடித்தன. முந்தைய டிசம்பர் தேதி போட்ட ஆயிரம் மார்க் தாளுக்கு இதற்குள் மதிப்பே இல்லாமல் போயிற்று. புதிதாக வடிவமைக்க நேரம் ஏது? அதே தாளில் சிவப்பு மையில் நூறு கோடி என்று அடித்து வெளியே விட்டார்கள். 1922 தேதி அப்படி வந்ததுதான்.

நூறு கோடி என்றதும் மலைத்துவிடாதீர்கள். அந்த நவம்பரில் ஒரு ரொட்டி சுமார் 20,000 கோடி மார்க். உங்கள் நோட்டு மாதிரி இருநூறு கொடுத்தால்தான் ஒரு ரொட்டி. நவம்பர் 15-ல் ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். பழைய நோட்டுகளை மாற்றித் தரும் வேலையை 1925-லேயே முடித்துவிட்டார்கள். இன்று எந்த ஜெர்மன் வங்கியும் இதை வாங்காது. சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள். நல்ல நிலையில் இருந்தால் சில நூறு ரூபாய் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் குழப்புவது இங்கேதான். ஜெர்மனில் 'மில்லியார்டே' என்றால் நூறு கோடி. 'பில்லியோன்' என்றால் லட்சம் கோடி. நாம் ஆங்கில வழக்கில் பில்லியன் என்பது அவர்களுடைய மில்லியார்டே. இந்த நோட்டுகளில் உண்மையிலேயே அரியவை 10, 20, 50, 100 பில்லியோன் நோட்டுகள். காரணம் எளிது. 100 பில்லியோன் நோட்டில் 1924 பிப்ரவரி தேதி இருக்கும். அதற்கு நூறு ரென்டன்மார்க் கிடைத்தது, அதாவது ஏறக்குறைய 24 டாலர். அவ்வளவு பணத்தை யார் பெட்டியில் போட்டு வைப்பார்கள்? எல்லாரும் வங்கியில் கொடுத்து மாற்றிவிட்டார்கள். அதனால் மிஞ்சியவை சொற்பம். அன்று எதற்கும் உதவாத மில்லியார்டே தாள்கள்தான் இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. உங்களுடையது அந்த வகை. பெரிய மதிப்பு நோட்டுகளுக்குப் போலிகளும் உண்டு, அதனால் அப்படி ஒன்று கையில் வந்தாலும் நேரில் காட்டாமல் விலை பேசாதீர்கள்.

இனி அந்த ஏஜென்ட். பொருளை வாங்குகிறவர் பணம் கொடுக்க வேண்டும், கேட்கக் கூடாது. இன்று பதிவுக் கட்டணம் என்பார்கள், நாளை ஜிஎஸ்டி, அப்புறம் சுங்க வரி, அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதி. பழைய நோட்டு, நாணய வியாபாரத்துக்குத் தாங்கள் எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே அறிவித்துவிட்டது. ஆனால் அறிக்கை விட்டதோடு சரி. அந்த விளம்பரங்கள் இன்றும் உலவுகின்றன. ஏமாந்தவர் புகார் கொடுக்கப் போனால் வங்கி போலீஸைக் கை காட்டுகிறது, போலீஸ் வங்கியைக் கை காட்டுகிறது. பென்ஷன் பணத்தை இழந்தவர்கள் அலைவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஏற்கெனவே ஏதாவது பணம் அனுப்பியிருந்தால், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு இன்றே கூப்பிடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் பணம் கைமாறிவிடும். நோட்டைத் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள்.