குழந்தை "யார்ட்டயும் சொல்லாதீங்க" என்றால் ரகசியம் காக்கலாமா?

கேட்டவர் சமூகப்பணி படிக்கும் மாணவி. களப்பயிற்சியில் ஒரு குழந்தை பாலியல் தொல்லையைப் பற்றிச் சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லாதே என்றால், வாக்கைக் காப்பதா, போலீசுக்குப் போவதா என்கிறார்.

போகத்தான் வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் (2012) 19ஆம் பிரிவு வேறு வழி விடவில்லை. நடந்தது தெரிந்தாலும், நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலும், காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது.

இதெல்லாம் தெரிந்தும் நான் தவறியிருக்கிறேன். காரைக்குடி பக்கம் ஒரு கிராமம். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பழைய வீட்டு முகப்பில் வாரம் ஒருநாள் பிள்ளைகளோடு உட்காருவோம். 12 வயதுப் பெண் ஒருத்தி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருந்த பூவைக் கால் பெருவிரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டே, "அக்கா, ஒன்னு சொல்லுவேன், யார்ட்டயும் சொல்லக் கூடாது" என்று கையை நீட்டினாள். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் சொன்னது ஓர் உறவுக்காரரைப் பற்றி.

அன்று மாலையே புகார் கொடுத்தோம். அது சரி. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதுதான் தப்பு. அடுத்த வாரம், "கையில அடிச்சீங்களே அக்கா" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்றது என்னோட இருக்கும். ஆனா உன்னை யாராச்சும் நோகடிச்சா, அதைத் தடுக்கிறவங்ககிட்ட சொல்லுவேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்." இப்படிச் சொன்னால் பிள்ளைகள் வாயே திறக்காது என்று கூட வேலை செய்பவர்கள் பயந்தார்கள். சிலர் அன்று திறப்பதில்லைதான். மூன்று வாரம் கழித்துத் தானாக வந்து சொன்ன பிள்ளை உண்டு.

வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவது ஊர் வாய்க்கு. "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?" என்று ஓர் அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்களுக்கு உட்கார்ந்து விளக்குங்கள். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்க வருபவர் சீருடையில் வரக் கூடாது. வீட்டிலேயோ குழந்தை விரும்பும் இடத்திலேயோ, கூடுமானவரை பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்வார். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் முடியாது.

கணவனிடம் அடிபடும் பெண் விஷயம் வேறு. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், கட்டாயமில்லை. அங்கே அவர் சம்மதம் இல்லாமல் நான் அடி எடுத்து வைப்பதில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.

உங்களிடம் சொன்ன குழந்தை விஷயத்தில் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு இன்றே பேசுங்கள். அதற்கு முன்னால் அந்தக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடம் சொல்லப் போகிறீர்கள், ஏன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.