கல்யாணத்தை மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை

தம்பி, பெருமூளை வாதத்தோடு சக்கர நாற்காலியில் இருக்கிறீர்கள், குளிக்கவும் உடுத்தவும் அம்மாதான் துணை, "உன்னைப் பார்த்துக்க ஒருத்தி வேணும்" என்று பெண் பார்க்கிறார்கள், ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பதை இப்போதே சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்பேன். நானும் காலில் காலிப்பர் (தாங்கு கருவி) போட்டு நடக்கும் தன்பாலீர்ப்பாளன்தான். நடக்க முடிகிறவன் சண்டை வந்தால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். உங்களுக்கு மறுநாள் காலை அதே அம்மாதான் சட்டை மாட்டிவிட வேண்டும். வெளிப்படையாக இருப்பதே வீரம் என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

கல்யாணத்தை மட்டும் உறுதியாக மறுங்கள். சம்பளமில்லாத ஆயா வேலைக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைப்பது அவளுக்கும் அநியாயம். அம்மாவின் உண்மையான பயம் தனக்குப் பிறகு யார் என்பதுதான். அதற்குப் பதில் தேடுங்கள்: வாரத்தில் சில நாளாவது சம்பளத்துக்கு ஒரு உதவியாளர், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) இல்லையென்றால் எடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கையில் காசு வந்தால் வீட்டில் பேச்சின் தொனியே மாறும்.

ஒருவேளை தெரிந்துபோய் 'மாற்றிவிடலாம்' என்று டாக்டரிடம் கூட்டிப்போனால், அது சிகிச்சையே அல்ல. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அதற்குத் தடை சொன்னது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. தன்பாலுறவு இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின்படி குற்றம் என்ற பயமும் 2018உடன் போயிற்று.

பேச ஆள் வேண்டுமென்றால் நம்மைப் போன்றவர்களுக்கான சென்னையின் ஓரினம் குழுவைத் தேடிப் பாருங்கள், தமிழிலும் எழுதுகிறார்கள். அப்புறம், போன் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். டேட்டிங் ஆப்பில் நாற்காலி தெரிகிற படத்தையே போடுங்கள். ஓடுகிறவன் முதலிலேயே ஓடட்டும்.