ஆறாம் மாதத்தில் நடக்கலாமா?

வணக்கம் சகோதரி. கருவுற்று ஆறு மாதமாகிறது, நடக்கக் கூடாது என்று மாமியார் தடுக்கிறார், நடந்தால் பி.டி.என்.எஃப். (BDNF) என்ற மூளைப் புரதம் கூடும் என்று படித்தது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். மூளையில் நரம்பணுக்கள் வளரவும் கிளைவிடவும் உதவும் புரதம் அது, உடற்பயிற்சியால் கூடும். கருவுற்ற எலிகளை நீந்தவிட்ட ஆய்வில் குட்டிகளின் மூளையிலும் கூடியிருந்தது. எலிக்கு நடந்ததை அப்படியே நம் குழந்தைக்குச் சொல்லிவிட முடியாது. ஆனால் உங்களுக்கு நன்மை நிச்சயம். கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியை உலக சுகாதார நிறுவனமே 2020இல் பரிந்துரைத்தது.

மாலையில் மாமியாரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். மூச்சிரைக்காமல் அவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. அப்புறம், ரத்தக்கசிவு இருந்தாலோ, ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லியிருந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.