இடுப்பு சரி, தொடை பிடிக்கிறது: எந்த ஜீன்ஸ் வாங்கலாம்?

மதுரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வயது 45. இடுப்பளவு 34 எடுத்தால் தொடையைப் பிடிக்கிறது. 36 எடுத்தால் இடுப்பில் நிற்பதில்லை. எட்டாயிரம் ரூபாய்க்கு டிசைனர் ஜீன்ஸ் வாங்க எண்ணியிருக்கிறேன். ஸ்லிம், ஸ்ட்ரெய்ட், டேப்பர், இவற்றில் எது பொருந்தும்?"

தொடையை ஒட்டித் தைக்கப்படும் ஸ்லிம் உங்களுக்கு வேண்டாம். ஸ்ட்ரெய்ட்டில் முழங்காலுக்குக் கீழே அகலம் பெரிதாகக் குறையாது. டேப்பரில் பாட்டம் குறுகும், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டவுடன் தொடையும் தளர்வாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். லீவைஸில் 501 ஸ்ட்ரெய்ட், 502 டேப்பர். 512-ம் டேப்பர்தான் என்றாலும் அது ஸ்லிம் டேப்பர், உங்கள் தொடைக்கு ஆகாது.

வசதியாக இருக்கும் பழைய பேன்ட் ஒன்றைத் தரையில் விரித்து, கவட்டுத் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே தொடையை அளந்து, அதை இரட்டித்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலான லேபிள்களில் இடுப்பும் நீளமும் மட்டுமே இருக்கும். அந்த 34-ஐயும் டேப் வைத்துப் பார்த்தால் பல பிராண்டுகளில் 35-க்கு மேல் போகிறது. இத்தனை விலை வாங்குகிறவர்கள் தொடையளவை அச்சிட்டால் என்ன குறைந்துவிடும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"போடப் போட லூசாகிவிடும் சார்" என்னும் விற்பனையாளரை நம்பாதீர்கள். ஒன்றிரண்டு சதவீத எலாஸ்டேன் (ரப்பர்போல இழுபடும் இழை) கலந்த துணி இழுத்தால் நீண்டு மறுபடி சுருங்கிக்கொள்ளும். முட்டி மட்டும் தொளதொளத்துப்போகும். அவரைவிட மோசமானவர், லேபிள் வெட்டிய ஜீன்ஸைத் 'திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று விற்கும் இடைத்தரகர். திருப்பூரின் பெயர் பனியன் துணிக்கு. ஜீன்ஸ் தைப்பதற்குப் பெயர்பெற்ற ஊர் கர்நாடகத்தின் பெல்லாரி. அப்படிப்பட்டதை வாங்கியே தீருவதானால், இரு கால்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பக்கத் தையலைப் பாருங்கள்: தையல் முழங்காலருகே முன்பக்கம் திரும்பியிருந்தால், துணி முறுக்கிக்கொண்டதால் கழிக்கப்பட்ட சரக்காக இருக்கலாம்.

பெரிய அளவாக வாங்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆலையில் சுருக்கம் நீக்கப்படாத கச்சா (துவைக்காத) டெனிம், 'ஷ்ரிங்க் டு ஃபிட்' என்று விற்கப்படுவது, முதல் நனைப்பில் பத்து சதவீதம் வரைகூடச் சுருங்கலாம். நீளத்தில் அது மூன்று அங்குலத்தையும் விழுங்கும். ஆகவே அதை மட்டும் நனைத்து உலர்த்தி, போட்டுப் பார்த்த பிறகே பாட்டத்தை வெட்டக் கொடுங்கள். கச்சா டெனிம் என்பதாலேயே எல்லாம் இப்படிச் சுருங்கிவிடாது. 'சான்ஃபரைஸ்டு', அதாவது ஆலையிலேயே சுருக்கம் நீக்கியது, என்று குறித்திருந்தால் சுருக்கம் சிறிதளவே.

மற்றபடி தொடைக்குச் சரியானதை எடுங்கள். இடுப்பு ஓர் அங்குலம் கூடினால் தையற்காரர் பின்பக்கம் பிடித்துத் தைத்துவிடுவார். தொடையை விரிக்க உள்ளே அவருக்குத் துணி இருக்காது.