ஊசி மீட்டர் பொய் சொல்கிறதா?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் பணியாற்றுகிறேன். பழைய கருவிகளைச் சேர்ப்பதில் அண்மையில் ஆர்வம் வந்து, இங்குள்ள பழைய இரும்புக் கடையில் ஏவோ 8 என்ற ஊசி மல்டிமீட்டர் ஒன்றும், மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் ஒன்றும் எடைக்கு வாங்கினேன். இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 10 வோல்ட் கொடுத்து, ஒன்றின் குறுக்கே அளந்தேன். பாதியாக 5 வோல்ட் வர வேண்டும். டிஜிட்டல் மீட்டர் 4.76 வோல்ட் காட்டுகிறது, ஏவோ 1.4 தான். பழுதென்று ஒதுக்கிவிடலாமா? ஆசிலாஸ்கோப்பை இன்னும் பிளக்கில் சொருகவில்லை.

அன்புள்ள நண்பருக்கு,

ஏவோவில் பழுது இல்லை. நேர்மின்னோட்ட அளவில் அது வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்டது. 10 வோல்ட் அளவில் வைத்தால் அதன் தடை 2 லட்சம் ஓம். 10 லட்சம் ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே அதை வைத்தவுடன் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1.67 லட்சமாகக் குறைந்துவிடுவதால், அங்கே உண்மையிலேயே 1.43 வோல்ட்தான் நிற்கிறது. டிஜிட்டல் மீட்டரின் தடை 10 மெகாஓம் என்பதால் அது சர்க்யூட்டின் மேல் ஏற்றும் சுமை குறைவு. ஆனாலும் நீங்கள் எதிர்பார்த்த 5 வோல்ட்டை அதுவும் காட்டவில்லை பாருங்கள்.

பழைய வால்வு ரேடியோக்களின் சர்வீஸ் தாள்களில், மின்னழுத்தங்கள் எந்த வகை மீட்டரால் அளக்கப்பட்டன என்ற குறிப்பு பல நேரம் இருக்கும். அத்தகைய தாளோடு ஒப்பிட ஊசி மீட்டரே உகந்தது. 1951இல் வந்த இந்த மாதிரியை நான் கைவிடாததற்கு அதுவே காரணம். அழகுக்காக அலமாரியில் அடுக்குவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

ஆசிலாஸ்கோப்பைச் சொருகாமல் வைத்திருப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்றால் 115 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கலாம். தருமபுரியில் என் வீட்டில் ஒருமுறை அதைப் பார்க்காமலே சொருகினேன். ஃபியூஸ் போனதோடு, கருகிய வாடை மூன்று நாள் போகவில்லை. மின்னழுத்தத் தேர்வியை 230இல் வைத்த பின், 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துக் கருவியை இயக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கருவியானால், பல்பு ஒரு கணம் எரிந்து மங்க வேண்டும். மங்காமல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்திவிடுங்கள். படக்குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் செல்கிறது, அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கும், ஆகவே மூடியைத் தனியாகத் திறக்க வேண்டாம். இங்கே கொண்டுவந்தால் சேர்ந்து பார்ப்போம். பேருந்தில் வருவதானால் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.